இல் வா பார்த்தீர் என்றால் கிளம்பப் போகிறார்

1

புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. கொண்டுவந்த மிளகாய்த்தூளும் வடகமும் இன்னும் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடக்கின்றன. காலை ஆறேமுக்காலுக்குப் பஸ், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடக் கேண்டீன், முந்நூறு தட்டு, சாயங்காலம் மறுபடி ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோதும் ஓடவில்லை. பாரிஸ் என்று சொன்னால் ஊரில் கண்ணை விரிக்கிறார்கள். நான் இருப்பது பாரிஸும் இல்லை, அதற்கு வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு புறநகர்.

மாமாவின் மூன்றாம் வருஷத் தெவசத்துக்காகப் போயிருந்தோம். மாமா என்பது என் கணவரின் அப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள். சொல்தா என்றால் சிப்பாய். நான் வில்லியனூருக்கு அப்பால் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்து, மூலக்குளத்தில் இருக்கும் அந்தச் சொல்தா வீட்டுக்கு மருமகளாகப் போனவள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பிரெஞ்சு வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம். போன்ழூர் என்ற வணக்கம் தவிர வேறு ஒரு வார்த்தை தெரியாதவர்களும் அதை மட்டும் பிசகாமல் சொல்வார்கள். 'இல் வா பார்த்தீர்.' அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் என் கணவர் தன் அப்பாவை உயிரோடு பார்க்க முடியாமல் போனது. இதை அத்தை, அதாவது என் மாமியார், மூன்று வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொன்னதில்லை. போனில் பேசினால் சாப்பிட்டாயா, பிள்ளை சாப்பிட்டதா, அதோடு சரி. மாமா போனதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இதை நான் என் பக்க நியாயத்துக்காக எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

கல்யாணம் முடிந்து விசாவுக்குக் காத்திருந்த எட்டு மாதம் நெல்லித்தோப்பில் பிரெஞ்சு டியூஷனுக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. என்னைப் போல விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோர் கழுத்திலும் புதுத் தாலி, எல்லோர் பையிலும் ஒரே நோட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் செல்வி. நான் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் அவள் மூன்று பக்கம் எழுதிவிடுவாள்.

வினைச்சொற்கள்தான் எங்களைப் படாதபாடு படுத்தின. ஒவ்வொன்றுக்கும் ஆறு உருவம், ஆறும் எழுதுவது ஒரு மாதிரி, படிப்பது ஒரு மாதிரி. அப்படி இருக்கும்போது ஒருநாள் கிட்டத்து எதிர்காலம் வந்தது. ஒரு காரியம் இதோ நடக்கப் போகிறது என்று சொல்வதற்கான காலம். போ என்ற வினையை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றினால் போதும். ஜு வே, த்யூ வா, இல் வா. அதற்குப் பின்னால் வரும் வினை இருந்தபடி இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ஜு வே மாஞ்ஜே, சாப்பிடப் போறேன். இல் வா தொர்மீர், தூங்கப் போறாரு. அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது நாம் பேசுவதுதானே, மழை வரப் போவுது, பஸ் கிளம்பப் போவுது என்று தினமும் வாயில் வருவதுதானே. பிரெஞ்சுக்காரன் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்றாள் செல்வி. அன்று நான் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு தப்புகூட இல்லை.

பிரான்சுக்கு வந்த பிறகு மற்றக் காலங்கள் எல்லாம் காலை வாரிவிட்டன, இது ஒன்றுதான் கைகொடுத்தது. இறந்தகாலத்தில் சொல்ல வேண்டியதைக்கூட இதில் போட்டுச் சமாளித்தேன். 'நேற்று நான் வாங்கப் போகிறேன்' என்று ரொட்டிக் கடையில் சொல்லியிருக்கிறேன். கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் கிளம்பும்போது 'வரேன்' என்பதை அப்படியே பிரெஞ்சில் போட்டு 'ஜு வியாங்' என்றேன். கூட வேலை செய்கிறவள் நான் திரும்பி வருவேன் என்று கதவைப் பூட்டாமல் இருபது நிமிஷம் நின்றிருக்கிறாள்.

ஆபீஸ்களில் வேறு மாதிரி. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அது கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். பதினான்கு வருஷமாக நான் இந்த ஊரில் மதாம் கோவிந்தசாமி. கணவர் பெயர் வேறாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறை தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கும்போதும் புதிதாக ஒருவர் சந்தேகப்படுவார், நானும் புதிதாக விளக்குவேன்.

என் மகள் லீனா இங்கேயே பிறந்தவள். அவளிடம் தமிழில் பேசினால் பிரெஞ்சில் பதில் வரும். ஆறு வயசு வரை நான் பேசும் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டுத் திருத்த ஆரம்பித்தாள். கடைக்காரர் முன்னால் திருத்துவாள், டாக்டர் முன்னால் திருத்துவாள். பெற்ற பிள்ளையிடம் கைகட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று என்னைப் போல வந்தவர்களுக்குத் தெரியும்.

3

மாமா ஆபரேஷனுக்காக எங்களிடம் வந்தார். அவருடைய மருத்துவச் செலவுக்கு இங்கேதான் வழி இருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி, குளிரும் ஆகாது, மூலக்குளத்திலேயே இருந்துகொண்டார். ஏழு மாதம் மாமா எங்களோடு இருந்தார். சமையலில் உப்பு கூடினால் சொல்ல மாட்டார், மோரை மட்டும் கூடக் கேட்பார். கடைசி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு வாய் சூப் குடித்தார். தேறிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் புதன்கிழமை, அன்று இங்கே பள்ளிக்கூடம் கிடையாது, எனக்கும் வேலை இல்லை. என் கணவர் லாரி ஓட்டுகிறவர். தெற்கே லியோன் நகரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டார். காலை எட்டேகாலுக்கு என் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அவர்களிடம் முதலில் இருப்பது மகனுடைய நம்பர். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், எடுத்திருக்க மாட்டார், அதனால் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். உங்கள் மாமனார் விஷயமாகப் பேசுகிறேன் மதாம். இல் வா பார்த்தீர். இன்றைக்கே இருக்கும் என்று நினைக்கிறோம். நீங்கள் வரவேண்டும்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போனில் வந்த பிரெஞ்சு முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. திரும்பச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. கிளம்பப் போகிறார், இன்றைக்கே, வந்து கூட்டிக்கொண்டு போங்கள். நான் சந்தோஷத்தில் மெர்சி, மெர்சி பொக்கூ என்று நன்றி சொன்னேன். அவருக்குப் போட்டுக்கொள்ளத் துணி கொண்டுவரப் போகிறேன் என்றேன், கிட்டத்து எதிர்காலத்தில், தப்பில்லாமல். ஆமாம் மதாம், கொண்டுவாருங்கள் என்றார். இறந்தவருக்குப் போடும் துணியை வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அதனால் அவரும் என்னைத் திருத்தவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். எடுத்தார். "மாமா கிளம்பப் போறாராம், இன்னிக்கேவாம். நான் போயி கூட்டினு வந்துடறேன். நீங்க அவசரப்படாம வேலய முடிச்சிட்டு வாங்க" என்றேன். சரி என்றார். அத்தைக்கும் சொன்னேன். அவர் அங்கே கற்பூரம் ஏற்றியிருக்கிறார்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ரசம் வைத்தேன். மாமாவின் சட்டையை இஸ்திரி போட்டேன். லீனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு டாக்ஸிக்கும் சொல்லி வைத்தேன். அங்கே போய்ச் சேரும்போது பதினொன்றேகால். ஒன்றரை மணிக்கு மாமா போய்விட்டார். இடையில் ஒரு தடவை அந்த நர்ஸ் வந்து, உங்கள் மத வழக்கப்படி பூசாரி யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கணவருக்கு மறுபடி போன் செய்தேன். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து.

அன்று சாயங்காலம் லீனாவிடம், ஆஸ்பத்திரியில் கிளம்பப் போகிறார் என்றுதானே சொன்னார்கள் என்று அழுதேன். அவளுக்கு ஒன்பது வயசு. "இல்லம்மா, வயசானவங்களுக்கு அப்டி சொன்னா செத்துப்போவப் போறாங்கன்னு அர்த்தம்" என்றாள். பிரெஞ்சில் சொன்னாள். இப்போது தமிழில் எழுதும்போதுதான் எனக்கு அது முழுசாகக் கேட்கிறது.

எட்டேகாலுக்கு நான் சரியாகச் சொல்லியிருந்தால், அவர் அங்கேயே வண்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியிருப்பார், பன்னிரண்டுக்கெல்லாம் அப்பா பக்கத்தில் இருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொந்தக்காரர்களும் போட்டார்கள். பிரெஞ்சு படித்த பெண்ணாகப் பார்த்துக் கட்டியிருக்கலாம் என்று சிலர் அத்தையிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது.

4

இந்தத் தடவை ஊருக்குப் போனதும் செல்வியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு விசா வரவேயில்லை. அவளைக் கட்டியவன் வேறொருத்தியோடு பிரான்சிலேயே இருந்துவிட்டான். அதே ஜெராக்ஸ் கடைக்கு மேலே, அதே அறையில், இப்போது அவள் டியூஷன் நடத்துகிறாள். பெண்கள் அவளை மதாம் என்கிறார்கள். பிரான்சையே பார்க்காதவள் பேசும் பிரெஞ்சைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு சுத்தம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் வந்து உட்காரு, அந்த ஊர் எப்படி என்று பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு என்றாள்.

போனேன். கரும்பலகையில் ஆறு வரி. ஜு வே பார்த்தீர், த்யூ வா பார்த்தீர், இல் வா பார்த்தீர். பன்னிரண்டு பேர் கோரஸாகப் படித்தார்கள். மூன்றாவது வரிக்கு அர்த்தம் கேட்டாள் செல்வி. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அவர் கிளம்பப் போகிறார்" என்றாள். சரி என்று செல்வி தலையாட்டினாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்குதும்மா. ஆஸ்பத்திரிலேந்து வந்தா வேற" என்றேன். அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன், ரசம் வைத்தது வரைக்கும். ஊர் எப்படி என்று கேட்க வந்த பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியாததால் ஒருவர் தன் அப்பாவைப் பார்க்க முடியாமல் போனது, உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்று முடித்தேன். திரும்பினால் வாசலில் என் கணவர். என்னைக் கூட்டிப்போக வந்தவர், கீழே வெயில் தாங்காமல் மேலே ஏறி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். வில்லியனூர் ரோட்டில் பாதி தூரம் வந்ததும் ஒரு கரும்பு ஜூஸ் வண்டியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அன்னிக்கி ஒனக்கு முன்னாடியே எனக்கு மெசேஜ் வந்திச்சி. அதே வார்த்ததான். எனக்கு அர்த்தம் தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். செய்தியைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தாராம். சாவியைத் திருப்ப முடியவில்லையாம். அப்போதுதான் நான் கூப்பிட்டிருக்கிறேன்.

"நீ அவ்ளோ சந்தோசமா சொன்ன. அப்பா கிளம்பப் போறாரு, கூட்டினு வரேன்னு. அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், நீ சொல்றதே நெசமா இருக்கட்டும்னு அதப் புடிச்சினேன். சரின்னு சொல்லிட்டு சரக்க எறக்கப் போயிட்டேன்."

"மூணு வருசம்" என்றேன்.

சொல்லவேண்டும் என்று நினைத்தாராம், அத்தை முதல் தடவை என்மேல் பழி போட்டபோதே சொல்லியிருக்கவேண்டுமாம், நாளாக நாளாகச் சொல்ல முடியாமல் போனதாம். எனக்கு நடுரோட்டில் அவரை அறையவேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் தூங்காமல் நான் புரண்டபோது பக்கத்தில்தான் படுத்திருந்தார். அதே சமயம், எட்டு வயசிலிருந்து பிரெஞ்சு படித்த மனுஷன், அன்றைக்கு ஒரு காலை மட்டும் என் தமிழை நம்பிக்கொண்டு போயிருக்கிறார் என்பதும் மனசில் எங்கோ குத்தியது. கோபம்தான் பெரிதாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"அத்தகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா சப்பக்கட்டு கட்டறான்னு சொல்லுவாங்க."

"சொல்லப் போறேன்" என்றார்.

5

புதன் போனது, வியாழன் போனது. அவர் தெவசத்துக்கு வாழை இலை வாங்கி வந்தார், ஐயரைப் பார்த்துவிட்டு வந்தார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். அம்மாவிடம் எல்லாம் பேசினார், அதை மட்டும் பேசவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை படையல் முடிந்து பந்தி போட்டோம். பதினெட்டுப் பேர். பெரியப்பா வீட்டு அண்ணன் ஒருவர் பாயசத்துக்கு வந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். மனுஷன் ராஜாவாட்டம் இருந்தாரு, கடைசில பெத்த புள்ள பக்கத்துல இல்லாம போச்சி, எல்லாம் ஒரு வார்த்த புரியாததுனால. நான் அப்பளக் கூடையோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பார்க்காமலும் சொல்லவில்லை.

என் கணவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"அவளுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிச்சி" என்றார். "எனக்கும் போன் வந்திச்சி. தெரிஞ்சிதான் வராம இருந்தேன். பயந்துட்டேன். இனிமே அவளச் சொல்லாதீங்க."

அண்ணன் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். அத்தை சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலை எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்து, துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது அவருக்கு வராது. நான் பாட்டுக்குத் தேய்த்தேன்.

"நீ போறப்ப அவருக்கு நெனவு இருந்திச்சா?" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் கேள்வி. கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இருந்திச்சி அத்த."

"என்னா சொன்ன அவருகிட்ட?"

"துணி கொணாந்திருக்கேன் மாமா, கிளம்புங்க, வீட்டுக்குப் போவலாம்னேன்."

"அதுக்கு?"

"கண்ணத் தொறந்து பாத்தாரு. 'மூலக்குளத்துக்கா'ன்னாரு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, நீ என்ன சொன்னாய் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

"ஆமாம் மாமான்னேன். எனக்கு அப்பவும் புரியல அத்த. ஏதோ மயக்கத்துல கேக்கறாரு, எதுக்கு மறுத்துப் பேசணும்னு இருந்துட்டேன். சட்ட போட்டுவுடச் சொல்லி கைய நீட்டினாரு. போட்டுவுட்டேன். பொத்தான்கூட போட்டேன். அப்புறம் கண்ண மூடினாரு."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குப் பிரெஞ்சு தெரிஞ்சிருந்தா அழுதுகினே உள்ள போயிருப்ப" என்றார். "அவரும் தெரிஞ்சினு இருப்பாரு."